சல்வதோரில் உனக்குக் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை

எதிர் வீட்டு மாடியில் ஒரு மஞ்சள் பனியன் காய்கிறது. கழுத்தில் பச்சை விளிம்பு வைத்த பிரேசில் பனியன். உலகக் கோப்பைப் பந்தாட்டம் முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்த வீட்டு பஸ் டிரைவர் அதைத்தான் போடுகிறார், துவைக்கிறார், ஈரம் காயும் முன்னே மறுபடியும் போடுகிறார். இன்று காலை எங்கள் வீட்டில் இவர் தேநீர்க் கோப்பையோடு ஜன்னலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த ஊர்ல பாதிப் பேரு இந்தக் கலருதான் போட்டிருந்தாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார், போய்ச் சவரம் செய்ய உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இந்த எரிச்சலுக்குப் பத்து வயது ஆகப்போகிறது. வடைக் கடைக்கு ஊறவைத்த பருப்பு அரைபட்டு முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன். உனக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. நீ உயிரோடு இருந்து இந்தக் காகிதம் உன் கையில் கிடைத்திருந்தாலும், என்னிடமே கொண்டுவந்து கொடுத்து வாசித்துக் காட்டச் சொல்லியிருப்பாய். அந்த ஆபத்து இனி இல்லை. அதனால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இந்தப் பர்மா மண்ணில், தாகேதாவில் நாம் இருவரும் ஒரே சந்தில் வளர்ந்தோம். உன் அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரர். உன் வீட்டில் புத்தர், என் வீட்டில் முருகன், இரண்டு வீட்டுப் பிரசாதமும் இருவர் வயிற்றிலும் போனது. உன் தமிழில் கோபத்துக்கு வார்த்தையே கிடையாது. கோபம் வந்தால் பர்மியத்துக்குப் போய்விடுவாய். என் கோபம் எந்த மொழியிலும் நிற்காது, முகத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். "உன் மூஞ்சி ஒரு நோட்டீஸ் போர்டுடி" என்பாய்.

எண்பத்தெட்டுக் கலவரத்தில் பள்ளி, கல்லூரி எல்லாம் பூட்டிக் கிடந்தபோது நமக்கு இருபது வயது. படிப்பு நின்றுபோய் வீட்டில் சும்மா இருந்தோம். பெண்கள் சும்மா இருந்தால் பெற்றவர்களுக்குக் கல்யாண ஞாபகம் வந்துவிடும். கப்பலுக்குப் போகிற மாப்பிள்ளை என்றால் அப்போது கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தார்கள். உனக்கு என்ஜின் அறையில் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்த கோ ஆங் வந்தார். எனக்கு இவர் வந்தார், கப்பல் சமையல்காரர். கோ ஆங் பரீட்சை மேல் பரீட்சை எழுதி, பன்னிரண்டு வருஷத்தில் சீஃப் இன்ஜினியர் ஆனார். இவர் கையில் அதே கரண்டிதான் இருந்தது. உன் வீடு மாடி வீடானது, உன் கழுத்து கனத்தது. அதற்கெல்லாம் நான் பொறாமைப்பட்டேனா என்றால், கொஞ்சம் பட்டேன். சாம்பாரில் பெருங்காயம் அளவுக்கு என்று வைத்துக்கொள். அது நம் சிநேகிதத்தைக் கெடுக்கவில்லை, வாசனையாகத்தான் இருந்தது.

கெடுத்தது வேறு. சீஃப் இன்ஜினியர் தன் மனைவியைக் கப்பலில் மூன்று மாதம் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அவர்கள் கம்பெனியில் ஒரு விதி வந்தது. சமையல்காரனுக்கு அப்படி ஒரு விதி எந்தக் கம்பெனியிலும் இல்லை. அது கூடப் பரவாயில்லை. நீ ஏறப்போன கப்பலில்தான் இவர் சமையல்காரர். அந்த வேலையை இவருக்கு வாங்கிக் கொடுத்ததே நீதான். முந்தின கப்பலை விட்டு இறங்கி எட்டு மாதமாக வேலையில்லாமல் இவர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, கோ ஆங்கிடம் சொல்லிச் சொல்லி, அவர் காதைத் துளைத்து, இவருக்கு இடம் பிடித்துக் கொடுத்தாய். நன்றியும் பொறாமையும் ஒரே ஆள் மேல் வந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உன்னை வழியனுப்ப வந்தபோது என் முகத்தில் என்ன நோட்டீஸ் ஒட்டியிருந்ததோ, நீ என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மூன்று மாதம் கழித்து நீ மட்டும் திரும்பி வந்தாய். இவருக்கும் கோ ஆங்குக்கும் ஒப்பந்தம் முடிய இன்னும் நான்கு மாதம் இருந்தது. வந்த இரண்டாம் நாளே, கழுவிய படங்கள் அடங்கிய உறையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தாய். சாயங்காலக் கடைக்கு இன்னும் நேரம் இருந்தது. பாயை விரித்து, படங்களை ஒவ்வொன்றாக வரிசையாக வைத்தாய். இருபது, இருபத்தைந்து இருக்கும். முழுக்க ஒரே நாளில் எடுத்தவை என்றாய். பிரேசிலில் சல்வதோர் என்று ஒரு பெரிய ஊராம், கடலோரத்தில். அர்ஜென்டினாவிலிருந்து கோதுமை ஏற்றிக்கொண்டு போய் அங்கே இறக்கினார்களாம்.

நான் முதல் படத்தைப் பார்த்தேன். அதில் இவர் நின்றுகொண்டிருந்தார்.

நீ எதையும் ஒளிக்கவில்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமையாம், துறைமுகத்தில் இறக்குகிற வேலை இல்லையாம். கோ ஆங் உன்னை ஊர் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தாராம். விடிந்தால் ஜெனரேட்டர் படுத்துக்கொண்டுவிட்டதாம். கப்பலில் சமையல்காரனுக்கு ஞாயிறு என்று ஒன்று கிடையாது, எல்லோரும் மூன்று வேளை சாப்பிட்டாக வேண்டும். ஏழு மாதமாகக் கரையில் கால் வைக்காத மனுஷன் என்று கேப்டனே இரக்கப்பட்டு, முதல் நாளே குழம்பு வைத்துவிட்டால் போகலாம் என்று அன்று இவருக்கு விடுப்புக் கொடுத்திருந்தாராம். கோ ஆங் இவரைக் கூப்பிட்டு, "உங்க தங்கச்சியைக் கொஞ்சம் பத்திரமா கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்றாராம். அண்ணனும் தங்கச்சியுமாக நீங்கள் காலை எட்டு மணிக்குக் கப்பல் ஏணியில் இறங்கினீர்கள்.

இதில் ஒரு குற்றமும் கிடையாது. அதுதான் என் கஷ்டம். குற்றம் என்று ஒன்று இருந்திருந்தால் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். என் புருஷன் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை, உன் மேல் சத்தியமாக வரவில்லை. எனக்கு அந்த நாள் மேல்தான் பொறாமை. முதலில் அந்தச் சட்டையின் மேல் வந்தது. இளநீல முழுக்கைச் சட்டை, தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்தது. வீட்டில் ஒரு நாளும் போட்டதில்லை. கப்பலுக்குப் போகும்போது பெட்டியில் வைத்தேன், "அடுப்படியில நிக்கிறவனுக்கு எதுக்கு இது" என்றார். அந்தச் சட்டையின் மடிப்புக் கூடக் கலையாமல் உன் படத்தில் நின்றார்.

நீ கதையை அவிழ்த்துவிட்டாய். அந்த ஊர் இரண்டு தட்டாக இருக்குமாம். கீழே துறைமுகம், மேலே மலை விளிம்பில் பழைய ஊர். இரண்டுக்கும் நடுவே ஒரு கோபுரம் மாதிரி லிஃப்ட், சில்லறை போட்டால் ஊரையே மேலே தூக்கிக்கொண்டு போகுமாம். மேலே போனால் கல் பாவிய தெரு, மஞ்சளும் நீலமும் ரோஜா நிறமுமாக வீடுகள். ஒரு சர்ச்சுக்குள் சுவரிலிருந்து கூரை வரை தங்கம் பூசியிருந்ததாம். "நம்ம ஷ்வேடகோன் பகோடாவுக்கு வெளியில தங்கம், இவங்களுக்கு உள்ளே தங்கம்" என்று நீ சொன்னதற்கு இவர் சிரித்தாராம். என்னோடு ஷ்வேடகோன் போனால் பத்து அடி முன்னால் நடக்கிற மனுஷன். நான் பூ வாங்க நின்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், கூட்டத்தில் அவர் முதுகைத் தேடிக்கொண்டே நான் போக வேண்டும். உன்னோடு எப்படி நடந்தார் என்று கேட்டேன்.

"நான் நின்ன இடத்துல எல்லாம் நின்னார்டி. பாவம், ஒரு வார்த்தை சொல்லல. யாருக்கும் எங்கயும் அவசரமா போக வேண்டியதில்லை பாரு, காலு இழுத்த பக்கம் போனோம்."

காலு இழுத்த பக்கம். அந்த வார்த்தை என்னைத் தைத்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் நானும் இவரும் போனதெல்லாம் ஒரு காரியமாகத்தான். ஆஸ்பத்திரிக்கு, சாவு வீட்டுக்கு, கப்பல் ஏஜென்ட் ஆபீசுக்கு. விடுமுறைக்கு வந்தால் முதல் மாதம் தூங்குவார், இரண்டாம் மாதம் கூரை வேய்வார், மூன்றாம் மாதம் அடுத்த கப்பலுக்கு அலைவார். காரியமே இல்லாமல் ஒரு நாள் முழுக்க நடக்க இவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த படத்தில் வெள்ளைப் பாவாடையும் வெள்ளைத் தலைக்கட்டும் கட்டிய ஒரு பெரிய கறுப்பு அம்மாள், எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். காராமணியைத் தோல் நீக்கி அரைத்து, சிவப்பு எண்ணெயில் பெரிய பெரிய வடையாகச் சுட்டு, பிளந்து, உள்ளே உலர்ந்த இறால் வைத்துக் கொடுப்பாளாம். உன் கன்னத்தில் இருந்த தனக்கா மரப்பட்டைப் பூச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாளாம். நீ பையிலிருந்த டப்பாவைத் திறந்து அவள் கன்னத்திலும் வட்டமாகப் பூசிவிட்டாயாம், தெருவே வேடிக்கை பார்த்ததாம். இவர் மூன்று வடை சாப்பிட்டாராம். என் வடையை இவர் நின்று ருசித்து நான் பார்த்ததில்லை. உளுந்து அதிகம், உப்புக் குறைவு என்று குறை சொல்லத்தான் வாய் வரும்.

பிறகு ஒரு குன்றின் மேல் இருந்த சர்ச். அதன் இரும்புக் கதவு முழுக்க, கம்பி தெரியாமல், கலர் கலராக நாடா கட்டியிருந்தது. மூன்று முடிச்சுப் போட்டு மூன்று வேண்டுதல் வைக்க வேண்டுமாம். வழியில் போன யாரிடமோ கேமராவைக் கொடுத்து உங்கள் இருவரையும் எடுக்கச் சொல்லியிருந்தாய். அந்தப் படத்தில்தான் இவர் சிரிக்கிறார். உதட்டைப் பிரித்து, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தெரிய, கண் சுருங்கச் சிரிக்கிறார். கடைவாய்ப் பல் ஒன்று இல்லாததுகூடத் தெரிகிறது. எங்கள் கல்யாணப் படத்தில் கூட இவர் பாஸ்போர்ட்டுக்கு நிற்கிற மாதிரிதான் நிற்பார். என் புருஷன் சிரிக்கிற படம் உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது, அது உன் உறைக்குள் இருந்தது.

கடைசியில் கலங்கரை விளக்கமும் அதன் கீழே புல்சரிவும். ஊர் ஜனம் அங்கே வந்து உட்கார்ந்திருந்ததாம். சூரியன் கடலுக்குள் இறங்கி முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்களாம், நல்ல கச்சேரிக்குத் தட்டுகிற மாதிரி. "அண்ணனும் தட்டினார்டி" என்றாய்.

நான் உன்னைக் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது, கேட்டேன்.

"அன்னிக்குப் பூரா என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

நீ யோசித்தாய். உனக்குப் பொய் சொல்ல வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று ஒரு நாள் பொய் வந்திருக்கலாம். வடை சாப்பிடும்போது என் பேச்சை எடுத்தார் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மேலே கேள்வி கேட்டிருக்க மாட்டேன், பிடித்துக்கொண்டு பிழைத்திருப்பேன்.

"இல்லடி" என்றாய். "அவர் யாரைப் பத்தியும் பேசல. பார்த்துக்கிட்டே வந்தார்."

அதற்குப் பிறகு நீ செய்தது உன் வழக்கம்தான். படங்களை அடுக்கி ஓரமாக வைத்தாய். புத்தர் முன்னால் உட்காருவதுபோல முழங்காலை மடக்கி உட்கார்ந்து கையைக் கூப்பினாய். இந்த ஊரில் யார் எந்தப் புண்ணிய இடத்துக்குப் போய் வந்தாலும், போகாதவர்களுக்கு அதில் சமபங்கு கொடுப்பார்கள். 'அம்யா' என்று மூன்று முறை சொல்வார்கள். கேட்டவர்கள் 'தாது' என்று மூன்று முறை சொல்லி, மனம் மகிழ்ந்து வாங்கிக்கொள்ள வேண்டும். மகிழாதவர்களுக்கு அந்தப் பங்கு போய்ச் சேராது. நீ பகோவுக்குப் போய் வந்தால் எனக்கு அம்யா, மண்டலேக்குப் போய் வந்தால் அம்யா. ஒரு பணக்காரக் கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டு வந்து அதற்கும் அம்யா சொல்லி, நான் விழுந்து விழுந்து சிரித்தபடி தாது சொல்லியிருக்கிறேன். நூறு முறை சொல்லியிருப்பேன்.

"சல்வதோர்ல நான் நடந்தது, பார்த்தது, தின்னது எல்லாத்துலயும் உனக்குப் பாதி" என்றாய். "அம்யா, அம்யா, அம்யா."

நான் தாது சொல்லவில்லை. நீ கூப்பிய கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் அப்போதும் அந்த ஊர் வெயில் இருந்தது, நன்றாகக் கறுத்திருந்தாய், அழகாக இருந்தாய். பாதி யாருக்கு வேண்டும் என்று இருந்தது எனக்கு. என் புருஷன் என் சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்த நாளில், எனக்கு நீ பாதி கொடுப்பாயா?

"அடுப்புல எண்ணெய் காயுது" என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

அடுப்பு எரியவே இல்லை. நீ உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அடுப்பு நன்றாகத் தெரியும். நீ கோபப்பட்டுப் பர்மியத்துக்குப் போவாய் என்று அடுப்படியில் நின்று காத்திருந்தேன். நீ தமிழில்தான், "சரிடி, நான் வரேன்" என்றாய். உறையை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி வாசல் தாண்டிப் போனாய்.

நான்கு மாதம் அடுப்பில்லாமலே எரிந்துகொண்டிருந்தேன். இவர் வந்து இறங்கினார். குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்த பிறகு மெதுவாக ஆரம்பித்தேன். சல்வதோர் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "ஊர்தான்" என்றார். என்ன பார்த்தீர்கள் என்றதற்கு, கோதுமை இறக்கினோம் என்றார். யாரோடு போனீர்கள் என்றதற்கு, இன்ஜினியர் வீட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள், போனேன் என்றார். நீங்கள் சிரித்தீர்களாமே என்று கேட்டேன். எனக்குக் காய்ச்சலா என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூரை ஓட்டையை அடைக்க மேலே ஏறிவிட்டார்.

அதன் பிறகு நான் உன் வீட்டுக்கு வருவதைக் குறைத்தேன். கடை, மழை, கால்வலி என்று ஏதாவது ஒரு சாக்கு எப்போதும் கையில் இருந்தது. நீதான் வந்துகொண்டே இருந்தாய். உன்னிடம் எல்லோரும் பிரேசிலைப் பற்றிக் கேட்பார்கள். என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது கேட்டால், நீ ஒரு கணம் என்னைப் பார்ப்பாய். பிறகு, "கோதுமை இறக்கினாங்க, அவ்வளவுதான்" என்பாய். இவர் சொன்ன அதே வார்த்தை. எனக்காகத்தான் உன் நாளை நீ மூடி வைக்கிறாய் என்று புரிந்தது. புரிந்தும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. மறைப்பதில்கூட நீயும் அவரும் ஒன்றாக இருந்தீர்கள்.

வருஷங்கள் ஓடின. இவருக்கு முழங்கால் போய்க் கப்பலும் போனது. உனக்குச் சிறுநீரகம் போயிற்று. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். இன்று சொல்லிவிடுவது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று முறையும் சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்திருந்தேன். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். கை குச்சியாக இருந்தது, முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, "அண்ணன் வரலையா?" என்றாய்.

வாய் வரை வந்த வார்த்தை திரும்பி உள்ளே போய்விட்டது. சாகக் கிடக்கிறவள் ஒரு வார்த்தை விசாரித்ததற்கு இப்படி ஒரு வயிற்றெரிச்சலா என்று நீ நினைக்கலாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஆனாலும் எரிந்தது. அவருக்குக் கால் வலி என்றேன். நீ என் கையை வருடிக்கொண்டே, "உன் வடை சாப்பிட ஆசையா இருக்குடி, டாக்டர் உப்பே கூடாதுங்கிறார்" என்றாய். உப்பில்லாமல் சுட்டு எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்தாம் நாள் கோ ஆங்கிடமிருந்து செய்தி வந்தது.

நீ போன ஏழாம் நாள் உன் வீட்டில் பிக்குகளுக்குச் சோறிட்டு, தண்ணீர் வார்த்து, செய்த புண்ணியத்தைப் பங்கு வைத்தார்கள். எல்லோரும் தாது சொன்னார்கள், நானும் உரக்கச் சொன்னேன். ஆனால் அது உன் வீட்டார் அன்று செய்த தானத்துக்கு. நீ எனக்கென்று கையைக் கூப்பிக் கொடுத்தது அப்படியே வாங்கப்படாமல் கிடந்தது. பந்தி முடிந்ததும் கோ ஆங்கிடம் அந்த உறையைக் கேட்டு, இவர் சிரிக்கிற படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. கடையைப் போட மனசில்லை. கியாக்தான் ஊர் வரைக்கும் போகலாமா என்று இவரைக் கேட்டேன். என்ன காரியம் என்றார். ஒரு காரியமும் இல்லை என்றேன். சந்தேகமாகப் பார்த்தார், பிறகு சட்டையை மாட்டிக்கொண்டார்.

சுற்றுலா என்று பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பஸ்ஸில் பாதி வழி தூங்கினார், என் தோளில் எச்சில் வடித்தார். முழங்கால் காரணமாக இப்போது இவர்தான் பத்து அடி பின்னால் வருகிறார், நான் நின்று நின்று போனேன். படகில் ஏறி ஆற்றுக்கு நடுவே இருக்கிற பகோடாவுக்குப் போனோம். படித்துறையில் உட்கார்ந்து கெளுத்தி மீனுக்குப் பொரி போட்டோம். தண்ணீர் தெரியாமல் மீன் வந்து மொய்த்தது. இவர் கையிலிருந்த பொரியெல்லாம் தீர்ந்த பிறகு, தானாகவே வாயைத் திறந்தார்.

"தங்கச்சி இருந்தா இந்நேரம் இங்க பத்துப் பேரை சிநேகிதம் பிடிச்சிருக்கும்."

எனக்கு உடம்பு முழுக்கச் சுட்டது. உன் நாளில் என் பேச்சே எடுக்காதவர், என் நாளில் உன்னைப் பேசுகிறார். சரி, பேசட்டும், இன்றாவது முழுக்கக் கேட்டுவிடுவோம் என்று, சல்வதோரில் அப்படித்தான் பிடித்தாளா என்றேன். அவர் மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அங்க நல்லாத்தான் இருந்துச்சு. கடைசியில சூரியன் விழுந்ததும் சனமெல்லாம் கைதட்டுனாங்க. தங்கச்சி மட்டும் தட்டல. திரும்பிப் பார்த்தா முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுவுது. என்னம்மான்னா, அவளை விட்டுட்டு நான் மட்டும் வந்து பார்க்கிறேனே அண்ணே, இதெல்லாம் அவ பார்க்க வேண்டியதுன்னு சொல்லிச் சொல்லி அழுவுது. கப்பலுக்கு வர்ற வரைக்கும் அழுகை நிக்கல. இன்ஜினியர் என்னைப் பத்தி என்ன நினைப்பாரோன்னு எனக்குப் பயமாப் போச்சு."

இதை ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேக்கலையே" என்றார். உண்மைதான். ஊர் எப்படி என்று கேட்டேன், யாரோடு போனீர்கள் என்று கேட்டேன், சிரித்தீர்களா என்று கேட்டேன். உன்னிடமும் அவர் என்னை நினைத்தாரா என்றுதான் கேட்டேன். நீ என்னை நினைத்தாயா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கேட்காததை எடுத்துச் சொல்லிப் பெருமை தேடிக்கொள்ள உனக்குத் தெரியாது.

திரும்பி வரும் படகில், ஓரமாக உட்கார்ந்து மூன்று முறை தாது சொன்னேன். படகுக்காரர் நான் பகோடாவைக் கும்பிடுகிறேன் என்று நினைத்துத் துடுப்பை மெதுவாகப் போட்டார். இத்தனை வருஷம் கழித்து வாங்கினால் பங்கு வந்து சேருமா என்று எனக்குத் தெரியாது, கோ ஆங்கைத்தான் கேட்க வேண்டும். சேராவிட்டாலும் நான் குறை சொல்ல முடியாது.

ஆனால் எரிச்சல் தீர்ந்துவிட்டது என்று மட்டும் நினைத்துவிடாதே. இன்று காலையும் எரிந்தது, இதை எழுதும்போதும் எரிகிறது. அந்த லிஃப்டுக்காக இல்லை, தங்க சர்ச்சுக்காக இல்லை, அவர் சிரித்ததற்காகவும் இல்லை. நீ எனக்காக அழுததை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. இதோ, சவரம் முடித்து அறைக்குள் உட்கார்ந்திருக்கிறாரே, இந்த மனுஷன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.